ராத்திரி பத்துப் பக்கம், விடிந்தால் பத்து கிலோமீட்டர்: நெடுந்தூர ஓட்ட நூல்களைப் படிக்கும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரியைச் சுற்றி விடியற்காலையில் என்னோடு ஓடும் அக்கா ஒருவர் இருக்கிறார். இருட்டு முழுதாகப் பிரியாத ஐந்தரை மணிக்கு என்னைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து ராத்திரி என்னம்மா படிச்சே?" என்பதுதான். அவருக்கு வயது 58. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் வராது. முந்தின இரவு நான் படித்த பக்கங்களை, மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் ஓடியபடி கதையாகச் சொல்ல வேண்டும். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே கூட வருவார். ஆறு வருடமாக இது நடக்கிறது. இந்த ஆறு வருடத்தில் நான்கு அரை மராத்தான், ஒரு முழு மராத்தான் ஓடியிருக்கிறேன். 36 வயதில் ஓட ஆரம்பித்த எனக்கு இது பெரிய விஷயம். அதில் பாதிப் பங்கு புத்தகங்களுக்கு உண்டு என்று மனதார நம்புகிறேன்.

ஓட்டத்தைப் பற்றிய புத்தகம் படித்தால் யாருக்கும் ஒரு வேகம் வரும். அன்றே ஷூ வாங்குவோம், மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் வைப்போம், ஐந்தாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்போம். எனக்கும் முதல் இரண்டு புத்தகங்களில் அப்படித்தான் ஆனது. பிறகுதான் புரிந்தது: நான் கடைசி அத்தியாயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஓடப் போயிருக்கிறேன். எல்லைக்கோடு, கைதட்டல், கண்ணீர். ஆனால் என் காலை ஓட்டத்தில் எல்லைக்கோடும் கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. பால் வண்டியும் நாய்களும் உடைந்த நடைபாதையும்தான் உண்டு. அதற்குத் துணையாக இருப்பவை ஓட்ட நூல்களின் நடுப்பக்கங்கள். மழை பெய்துகொண்டே இருக்கும், முட்டி வலிக்கும், எதுவும் நடக்காது, அந்த ஆள் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பார். அந்தப் பக்கங்களைத் தேடிப் பிடித்து, சாலைக்கு எடுத்துப்போகும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்குங்கள். எந்தப் புத்தகமும் அதற்கு மாற்று ஆகாது.

படி 1: உங்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று எழுதுங்கள்

"நல்ல ரன்னிங் புக் ஒண்ணு சொல்லுங்க" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பது, "எந்த இடத்துல நின்னு போறீங்க?" என்பது. மருந்துக் கடையில் போய் 'நல்ல மாத்திரை ஒன்று கொடுங்கள்' என்று கேட்க முடியாதல்லவா? ஒரு தாளை எடுத்து, நீங்கள் ஓடாமல் விட்ட கடைசி மூன்று நாட்களை நினைத்து, ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். சோம்பல் என்று எழுதிவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சோம்பலுக்குக் கீழே வேறொன்று இருக்கும்.

தினமும் ஒரே பாதை, ஒரே மரம், சலித்துப்போச்சு என்று வந்தால் ஹருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு உங்களுக்கானது. ஜப்பானிய மொழியில் 2007-லும் ஆங்கிலத்தில் 2008-லும் வந்தது. ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆகி, 1982-ல் 33 வயதில் ஓட ஆரம்பித்தார். மாதத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வருடக்கணக்காக ஓடியவர். புத்தகம் முழுக்க சலிப்போடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதுதான். எனக்கு மிக நெருக்கமான புத்தகம் இதுவே.

வயதாகிவிட்டது என்பது காரணமானால் ஃபௌஜா சிங்கின் வாழ்க்கை. மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துக்கத்தில் இருந்து மீள ஓடத் தொடங்கியவர். 2000-ல் லண்டனில் தன் முதல் மராத்தானை ஓடும்போது அவருக்கு 89 வயது. 2011-ல் டொரன்டோவில் 100 வயதில் மராத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை. 2025 ஜூலையில் பஞ்சாபில் சாலை விபத்தில் இறந்தார். அவரைப் பற்றி 2020-ல் வந்த குழந்தைகள் படப்புத்தகம் ஒன்று இருக்கிறது. என் பையனுக்கு வாங்கியது, இப்போது என் அலமாரியில்தான் இருக்கிறது. ஐந்து வயது வரை கால் வலுவில்லாமல் நடக்க முடியாத குழந்தையாக அவர் இருந்த பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன்.

'பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் கேத்ரின் சுவிட்சரின் சுயசரிதை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஓட்டத்தில் இருந்த ஆசை வற்றிவிட்டது என்றால் கிறிஸ்டோபர் மெக்டூகல் 2009-ல் எழுதிய, மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்களைப் பற்றிய நூல். வேகம் கூடவே மாட்டேன் என்கிறது என்றால், மனைவி, மூன்று சின்னக் குழந்தைகளோடு கென்யாவின் இட்டன் ஊருக்குக் குடிபெயர்ந்து அங்குள்ளவர்களோடு ஓடிப் பார்த்த அதரானந்த் ஃபின்னின் நூல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. அங்கே உலகத் தரமான ஓட்டக்காரர்கள் சுலபமான ஓட்டத்தை எவ்வளவு மெதுவாக ஓடுகிறார்கள், மிச்ச நேரத்தில் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் தினமும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

நம் நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பற்றி இப்படி ஆழமான நூல்கள் கைக்குக் கிடைப்பது அரிது. எனக்கு இது உண்மையான வருத்தம். ஷிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் 11-ஆவதாக வந்தவர். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியரும் அந்த நேரத்தைத் தாண்டவில்லை. அவர் பயிற்சியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும்? அதைப் படிக்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது.

படி 2: புத்தகத்தை நடுவில் திறந்து பார்த்து வாங்குங்கள்

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம், பிரிகேட் ரோட்டை ஒட்டிய சந்தில் செலக்ட் என்று பழைய புத்தகம் கிடைக்கும் கடைகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. விளையாட்டு அலமாரியோடு நின்றுவிடாதீர்கள். அங்கே கிரிக்கெட்தான் நிறைந்திருக்கும். ஓட்ட நூல்கள் வாழ்க்கை வரலாறு, பயணம், சுயமுன்னேற்றம் என்று சிதறிக் கிடக்கும். சுவிட்சரின் புத்தகம் எனக்குச் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் கிடைத்தது, முதல் பக்கத்தில் யாரோ ஒரு மகள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த வாழ்த்தோடு.

வாங்குமுன் ஒரு சோதனை செய்வேன். முன்னுரையையும் கடைசிப் பக்கத்தையும் விட்டுவிட்டு, நட்டநடுவில் திறந்து இரண்டு பக்கம் நின்றபடியே படிப்பேன். அங்கே ஒரு சாலை கண்ணுக்குத் தெரிகிறதா? ஓடுகிறவரின் கால், வயிறு, மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொள்வேன். பத்தி தவறாமல் அறிவுரை தடித்த எழுத்தில் இருந்தால் வைத்துவிடுவேன். அந்த மாதிரி நூல் கடையில் நிற்கும்போது சூடாக இருக்கும், வீட்டுக்கு வருவதற்குள் ஆறிவிடும்.

வாங்க வேண்டும் என்றும் இல்லை. கப்பன் பார்க்குக்குள் இருக்கும் சிவப்புக் கட்டட நூலகம் ஓடும் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழில் படிக்க அல்சூரில் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது. தமிழில் ஓட்டத்துக்கென்றே எழுதப்பட்ட நூல்கள் குறைவு என்றாலும், நடைப்பயணம், மலையேற்றம், யாத்திரை பற்றிய புத்தகங்களும் இந்த வேலைக்கு உதவும். கால் கடுக்க நடந்தவர் எழுதியதில் ஓடுகிறவருக்கும் பங்கு உண்டு.

படி 3: ஓட்டத்துக்கு முந்தின இரவு, பத்தே பக்கம்

ஒரே மூச்சில் படித்து முடிக்காதீர்கள். முழுப் புத்தகத்தையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் படித்து முடித்தால் அந்த ஊக்கம் முழுவதும் அன்று மாலையிலேயே செலவாகிவிடும். பத்துப் பக்கம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, படுப்பதற்கு முன். இன்னும் படிக்க ஆசையாக இருக்கும்போதே மூடிவிட வேண்டும். முரகாமி தன் எழுத்தைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: இன்னும் எழுத முடியும் என்று தோன்றும் இடத்தில் அன்றைய வேலையை நிறுத்திக்கொள்கிறார், மறுநாள் தொடங்குவது சுலபமாகிறது.

கையில் பென்சில் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் பொன்மொழி போல இருக்கும் வரிகளை அடிக்கோடு இடுவார்கள். அவற்றை விடுங்கள். உடம்பு என்ன உணர்ந்தது, என்ன சாப்பிட்டார், பாதை எப்படி இருந்தது, அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது: இந்த நான்கையும் மட்டும் குறியுங்கள்.

ஓர் உதாரணம். 1983 ஜூலையில் முரகாமி ஏதென்ஸிலிருந்து மராத்தான் ஊர் வரை தன்னந்தனியாக ஓடினார். போரில் வென்ற செய்தியோடு தூதன் ஒருவன் மராத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடியதாகச் சொல்லும் பழைய கதையின் வழியைத் தலைகீழாக. கொளுத்தும் கிரேக்க வெயில். அந்த அத்தியாயத்தில் நான் அடிக்கோடிட்டவை: சாலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்த நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டே போகிறார். மூன்று நாய், பதினொரு பூனை. வியர்வை காய்ந்து தோலில் உப்பாகப் படிகிறது. குளிர்ந்த பீரை நினைத்துக்கொண்டே ஓடுகிறார். முடித்துவிட்டுக் குடிக்கும்போது, ஓடும்போது கற்பனையில் குடித்த பீர் அளவுக்கு அது இல்லை என்கிறார்.

இதைப் படித்த மறுநாள் காலை எனக்கும் எண்ணத் தோன்றியது. அல்சூரிலிருந்து கப்பன் பார்க் போகும் வழியில் நாய்களை எண்ணினேன். உயிரோடு, நடைபாதையில் சுருண்டு தூங்கும் நாய்கள். பத்தொன்பது. எண்ணி முடிக்கும்போது ஐந்து கிலோமீட்டர் போயிருந்தது, ஒருமுறைகூட வாட்ச்சைப் பார்க்கவில்லை. என் கற்பனையில் ஓடியது நீர்மோர்: கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டது. வீட்டுக்கு வந்து குடித்தபோது, அவர் சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது.

படி 4: அடிக்கோடிட்டதை உங்கள் தமிழில் ஒரு வரியாக மாற்றுங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆங்கிலத்தில் படித்த வாக்கியம் இருபதாவது கிலோமீட்டரில் நினைவுக்கு வராது. மூச்சு இரைக்கும்போது மனசு பேசுவது நாம் வளர்ந்த மொழியில்தான், நாம் பார்த்த பொருள்களைக் கொண்டுதான்.

1996-ல் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சரோமா ஏரியைச் சுற்றி நடக்கும் 100 கிலோமீட்டர் ஓட்டத்தை முரகாமி ஓடினார். 11 மணி 42 நிமிடம். 55 கிலோமீட்டர் வரை சமாளித்துவிட்டார். அதிலிருந்து 75 வரை உடம்பு துண்டு துண்டாக எதிர்த்து நிற்கிறது. கால் முதலில் புரட்சி செய்கிறது, பிறகு ஒவ்வோர் உறுப்பாக. அப்போது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்: நான் மனிதன் இல்லை, ஓர் இயந்திரம், எனக்கு உணர்ச்சி தேவையில்லை, முன்னே போவது மட்டும்தான். 75-ஐத் தாண்டியதும் ஏதோ ஒரு சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது போல வலி தள்ளிப் போய்விடுகிறது.

படித்தபோது மெய்சிலிர்த்தது. ஆனால் அடுத்த வாரம் 18 கிலோமீட்டர் ஓட்டத்தில் 'நான் இயந்திரம், நான் இயந்திரம்' என்று சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. எந்த இயந்திரம்? எனக்கு இயந்திரம் என்றால் என்ன? நோட்டை எடுத்து உட்கார்ந்தபோது கண்முன் வந்தது அம்மாவின் தையல் மெஷின். ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை வீடு. தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாட்களும் ராத்திரி இரண்டு மணி வரை அந்த மிதி ஓடும். குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம். அம்மாவின் முகத்தில் தூக்கம், கைகள் துணியைத் தள்ளும், கால் மட்டும் தனியாக ஒரு பிராணி போல வேலை செய்யும். நடுவில் நூல் அறுந்தால் நிறுத்தி, நாக்கில் ஈரப்படுத்திக் கோத்து, சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி மறுபடி மிதிப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்குவோம்.

நோட்டில் எழுதினேன்: "மிதி ஓடட்டும். நூல் அறுந்தா கோத்துக்கலாம்."

முரகாமி சொன்னதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் பாதிதான். அது பரவாயில்லை. அவருடைய பக்கம் என் வீட்டுப் பரணில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. உங்களுக்கு அது அப்பாவின் சைக்கிளாக இருக்கலாம், பாட்டியின் ஆட்டுக்கல்லாக இருக்கலாம். சுற்றிச் சுற்றி வருவது, சத்தமுள்ளது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தது எதுவானாலும் சரி.

படி 5: அந்த வரிக்குச் சாலையில் ஓர் இடம் கொடுங்கள்

வரியை ஓட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனால் தேய்ந்துவிடும். எந்த இடத்தில் உங்களுக்குத் தளர்ச்சி வருமோ அங்கே மட்டும். எனக்குக் கப்பன் பார்க்கில் மூங்கில் புதர்களைத் தாண்டியதும், மூன்றாவது சுற்றில். ஞாயிறு காலை, தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் ஈரத்தோடு ரோட்டில் ஒட்டிக் கிடக்கும், எதிரே உயர்நீதிமன்றத்தின் சிவப்பு தெரியும். அங்கே வந்ததும் மிதியை நினைப்பேன். தோளைத் தளர்த்திவிட்டு, காலடிச் சத்தத்தை மட்டும் கேட்பேன். இரண்டு மாதத்தில் அந்த மூங்கிலைப் பார்த்தாலே கால் தானாக ஒரு சீருக்கு வர ஆரம்பித்தது.

இதை மெதுவான நீண்ட ஓட்டங்களில் மட்டும் பழகுங்கள். வேகப் பயிற்சி நாட்களில் மனதுக்கு வேறு வேலை இருக்கிறது.

படி 6: எதை எடுக்கக் கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை நான் வலியோடு கற்றேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மெக்டூகலின் புத்தகம் 'என் பாதம் ஏன் வலிக்கிறது' என்ற கேள்வியில் தொடங்குகிறது. ராராமுரி மக்கள் மெல்லிய செருப்போடு மலைகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். 1993-ல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்த ராராமுரிக்காரருக்கு 55 வயது. படித்து முடித்த வாரமே நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஆறு கிலோமீட்டர் வெறுங்காலில் ஓடினேன். மூன்றாம் நாள் படிக்கட்டு இறங்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகி, குதிகால் நரம்பு வரை இழுத்துப் பிடித்தது. ஏழு வாரம் ஓட முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகச் சொன்னார்: குதிகால் உயர்ந்த ஷூவில் வருடக்கணக்கில் பழகிய காலில், ஷூவை எடுத்ததும் பாரம் முழுவதும் கெண்டைக்காலுக்கு மாறுகிறது. அதைத் தாங்கும் பலம் வர மாதங்கள் ஆகும். திரும்பப் புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் அதிலேயே இருந்தது. அந்த மக்கள் சிறுவயதிலிருந்தே ஓடி விளையாடுகிறவர்கள். அவர்கள் போடுவது டயர் ரப்பரை வெட்டிச் செய்த செருப்பு, நம் ஊர் டயர் செருப்பு மாதிரி. அவர்கள் மாவும் விதையும் கரைத்துக் குடிப்பதைப் படிக்கும்போது சத்துமாவுக் கஞ்சி ஞாபகம் வந்ததே தவிர, அவர்கள் சிறுவயது முதல் ஓடும் ஓட்டம் என் கண்ணில் படவில்லை. அந்த நூலிலிருந்து நான் எடுத்திருக்க வேண்டியது அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவதை. எடுத்தது வெறுங்காலை.

எமில் ஸாட்டோபெக்கின் வாழ்க்கையிலும் இதே ஆபத்து உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எட்டு நாட்களுக்குள் 10,000 மீட்டர், 5,000 மீட்டர், கடைசியாக மராத்தான் என்று மூன்று தங்கம். அந்த மராத்தான் அவர் வாழ்க்கையின் முதல் மராத்தான். 400 மீட்டரை ஒரே நாளில் பல பத்து முறை திரும்பத் திரும்ப ஓடுவது அவர் பயிற்சி, ராணுவ பூட்ஸோடும் ஓடுவார். அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகாதீர்கள். மழையோ பனியோ அவர் தவறாமல் போனார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: தங்கப் பதக்கம் எட்டாமலே போன ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்குக்குத் தன் ஒலிம்பிக் தங்கங்களில் ஒன்றைக் கொடுத்தனுப்பிய மனிதர் அவர். அது எந்தப் பயிற்சி அட்டவணையையும் விடப் பெரியது என்பது என் எண்ணம்.

சாப்பாட்டு விஷயத்திலும் இப்படியே. ஸ்காட் ஜூரெக் தாவர உணவு மட்டும் சாப்பிட்டு, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தை வென்றவர். அவர் புத்தகத்தில் சமையல் குறிப்புகளும் உண்டு. படித்துவிட்டுப் போட்டிக்கு முந்தின நாள் புதிதாக எதையும் சமைக்காதீர்கள். இட்லி போதும்.

படி 7: படித்ததை இன்னொருவருக்குச் சொல்லுங்கள்

சுவிட்சரின் கதையை அக்காவுக்குச் சொன்ன காலை நன்றாக நினைவிருக்கிறது. 1967. பாஸ்டன் மராத்தான் ஆண்களின் ஓட்டமாக இருந்த காலம். இருபது வயதுப் பெண், முதல் எழுத்துகளை மட்டும் போட்டு 'கே. வி. சுவிட்சர்' என்று பெயர் கொடுத்து 261 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். சில கிலோமீட்டரிலேயே ஓட்ட அதிகாரி ஒருவர் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, அவள் மேலிருந்த எண்ணைப் பிய்க்கப் பார்க்கிறார். கூட ஓடிய காதலன் அவரை இடித்துத் தள்ளுகிறான். அவள் ஓட்டத்தை முடித்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றார் அக்கா. எனக்கு அதுவரை முக்கியமாகப் படாத பகுதி. திரும்பப் போய்ப் படித்தேன். கல்லூரியில் தபால் பட்டுவாடா செய்யும் ஐம்பது வயது மனிதர், பாஸ்டனைப் பலமுறை ஓடியவர், பனி கொட்டும் சாயங்காலங்களில் அவளோடு ஓடியபடி பாஸ்டன் கதைகளாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் அவள், கதை போதும், நாம் ஓடலாம் என்கிறாள். பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாது என்கிறார். முதலில் பயிற்சியில் ஓடிக் காட்டு, நானே கூட்டிப் போகிறேன் என்கிறார். அவள் மராத்தான் தூரத்தையும் தாண்டி 50 கிலோமீட்டர் அளவுக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். முடிவில் மயங்கி விழுந்தது அவர்தான்.

அக்கா சிரித்த சிரிப்பில் நடைபாதையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பாஸ்டன் பெண்களை அதிகாரபூர்வமாக 1972-ல் அனுமதித்தது, ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் 1984-ல்தான் வந்தது என்று சொன்னபோது, "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்" என்றார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகம் ஓடினார். தனியாகப் படித்திருந்தால் அந்தத் தபால்காரர் என் கண்ணில் படாமலே போயிருப்பார். உங்களோடு ஓட ஆள் இல்லை என்றால் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அலுவலகத்தில் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி உங்களைத் திரும்பப் புத்தகத்துக்கு அனுப்பும்.

படி 8: போட்டிக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும்

போட்டி வாரத்தில் புதுப் புத்தகம் வேண்டாம். ஓட்டத்தின் அளவு குறையும் வாரம் அது, கால் சும்மா இருக்கும், மனசு பரபரக்கும். புதிதாக எதைப் படித்தாலும் கடைசி நேரத்தில் எதையாவது மாற்றத் தோன்றும். நோட்டை மட்டும் புரட்டுங்கள்.

என் முழு மராத்தான் மும்பையில், ஜனவரி மூன்றாம் ஞாயிறு. பெங்களூரின் குளிரில் பழகிய உடம்புக்கு அந்தக் கடற்கரைப் புழுக்கம் பெரிய சோதனை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் எது நடக்கும் என்று படித்திருந்தேன்: தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் தீர்ந்துபோகும், ஓட்டக்காரர்கள் அதைச் சுவர் என்பார்கள். எனக்கு அது திரும்பி வரும் வழியில், பெடர் ரோடு ஏற்றத்தில் வந்தது. தொடை இரண்டும் மரத்துப்போய், பக்கத்தில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். முரகாமியும் வரவில்லை, ஸாட்டோபெக்கும் வரவில்லை. மிதிச் சத்தம் வந்தது. குதிகால், முன்பாதம். நின்று, ஓரமாகப் போய், கையில் இருந்த பேரீச்சம்பழத்தை மென்று, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினேன். நூல் கோத்தாயிற்று. 5 மணி 21 நிமிடத்தில் முடித்தேன்.

போட்டி முடிந்த பிறகு ஒரு வெறுமை வரும். அதற்கும் தயாராக இருங்கள். அந்த 100 கிலோமீட்டருக்குப் பிறகு முரகாமிக்கே ஓட்டத்தின் மேல் இருந்த ஈர்ப்பு குறைந்துபோனது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மும்பையிலிருந்து வந்த மூன்று வாரமும் நான் அந்த அத்தியாயத்தைத்தான் படித்தேன். ஓடவில்லை. ஏரிக்கரையில் நடந்தேன். அக்காவும் எனக்காக நடந்தார்.

அப்படி நடந்த ஒரு காலையில், "இன்னைக்கு நீ ஒண்ணும் படிச்சிருக்க மாட்டே, நான் சொல்றேன் கேளு" என்றார். பத்து வயதில் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு அவருடைய அம்மாவோடு கே.ஆர். மார்க்கெட் போய், கனகாம்பரமும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு தலையில் கூடையோடு திரும்புவாராம். பஸ் காசை மிச்சம் பிடிக்க வேகமாக நடப்பார்கள், வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்பதால் கடைசிப் பாதித் தூரம் ஓட்டம்தான். கூடையைப் பிடித்த கை மரத்துப் போகும். ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி நெற்றி வழியாக வாய்க்குள் இறங்கும். "பூத்தண்ணி லேசா கசக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகவில்லை. நோட்டில் முரகாமிக்கு அடுத்த பக்கத்தில், மேலே தேதி போட்டு, அக்கா சொன்னதை எழுதத் தொடங்கினேன்.